நடமாடும் வீடும் நடுவழித் துணையும்

வீடு என்பது நிலைத்து நிற்பது. வண்டி என்பது ஓடித் திரிவது. இயல்பினால் மாறுபட்ட இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, அடுக்களையையும் படுக்கையையும் குளியலறையையும் சில்லுகளின்மேல் ஏற்றி, நத்தை தன் கூட்டைச் சுமந்து செல்வதுபோலத் தம் இல்லத்தைத் தாமே கொண்டு செல்லும் வாழ்க்கையைப் பெருவழக்காக்கியவர்கள் அமெரிக்கர்கள். ஆர்.வி. என்னும் இரண்டெழுத்துப் பெயரால் அவர்கள் அதனை வழங்குகின்றனர். உல்லாசப் பிரயாண வண்டி என்பது அதன் பொருள். நாம் இக்கட்டுரையில் வீட்டு வண்டி என்றே சொல்லிக்கொள்வோம்.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் 41,000 மைல் நீளமான நெடுஞ்சாலைகளை நாடெங்கும் அமைப்பதற்குச் சட்டம் இயற்றியது. அந்தச் சாலைகள் வளர வளர வீட்டு வண்டிகளும் பெருகின. 1959இல் வோலி பையம் என்பவர் நாற்பதுக்கு மேற்பட்ட வெள்ளி நிற எயர்ஸ்ட்ரீம் வண்டிகளுக்குத் தலைமை தாங்கி, ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப்டவுனிலிருந்து கெய்ரோ நகர் நோக்கிப் புறப்பட்டார். 1966இல் ஐயோவா மாநிலத்து வின்னபேகோ தொழிற்சாலை வீட்டு வண்டிகளைத் தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. இன்று இளைப்பாறிய ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தொழிலாளர்களுங்கூட இவ்வண்டியொன்றை வாங்கி, கோடையில் வடக்கேயும் மாரியில் தெற்கேயுமாக ஊர் சுற்றி வருகின்றனர். இருந்த வீட்டை விற்றுவிட்டு வண்டியையே நிரந்தர இல்லமாகக் கொண்டவர்களும் பலர்.

இவ்வளவும் இன்பமே. ஆனால், அந்த வீடு நடுவழியில் நின்றுவிட்டால்?

சிறு மோட்டார் வண்டி பழுதானால் அதனைப் பூட்டி வீதியோரத்தில் விட்டுவிட்டு வேறு வாகனத்தில் வீடு போய்ச் சேரலாம். வீடே பழுதானால் எங்கே போவது? உணவும் உடையும் பத்திரங்களும் மருந்தும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நீரிழிவு நோயாளி ஒருவருடைய இன்சுலின் மருந்து அவ்வண்டியின் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நெவாடா மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் 50ஆம் இலக்க நெடுஞ்சாலையை 1986இல் 'லைஃப்' சஞ்சிகை அமெரிக்காவிலேயே தனிமை மிகுந்த வீதி என்று வருணித்தது. அங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே சில இடங்களில் எழுபது மைலுக்கு மேலும் பாலைவெளியே கிடக்கும். கைத்தொலைபேசியும் பல இடங்களிற் பேசாது. அந்த வழியில், அந்திப் பொழுதில், வயோதிகத் தம்பதிகள் இருவர் வண்டி நின்று தவிக்கும்போது, அவர்கள் முன்னரே செலுத்திய சந்தாப் பணம் உண்மையில் எதை வாங்கித் தந்திருக்கிறது என்பது தெரியவரும். அதனை அந்த நேரத்தில் அறிவதிலும் புறப்படுமுன் அறிந்துகொள்வதே விவேகம். அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதவி விலைப்பொருளான வரலாறு

பண்டு தொட்டு வழிப்போக்கனுக்கு உதவி செய்தவன் வழிப்போக்கனே. கூடார வண்டியின் அச்சு முறிந்தால், பின்னால் வரும் வண்டிக்காரன் இறங்கித் தோள் கொடுப்பான். மோட்டார் வண்டி தோன்றியபின் இந்த உதவி சங்கங்களின் பொறுப்பாக மாறியது. 1902இல் சிக்காகோ நகரிலே ஒன்பது மோட்டார்ச் சங்கங்கள் ஒன்றுகூடி அமெரிக்க மோட்டார்ச் சங்கத்தை அமைத்தன. 'ட்ரிப்பிள் ஏ' என்று இன்று எல்லோரும் அழைப்பது அதனைத்தான். 1915இல் சென்ட் லூயிஸ் நகரத்துச் சங்கம் மோட்டார்ச் சைக்கிளில் ஆட்களை அனுப்பி, வழியில் வண்டி நின்று தவிப்போரைத் தேடி உதவச் செய்தது. வீதி உதவிச் சேவையின் தொடக்கம் அதுவே எனலாம்.

வீட்டு வண்டிக்காரர்களின் கதை இன்னும் சுவையானது. 1966இல் 'ட்ரெய்ல்-ஆர்-நியூஸ்' என்னும் சஞ்சிகையின் வாசகர் ஒருவர் ஒரு யோசனை கூறினார். வழியில் இடர்ப்படுவோருக்கு உதவ விரும்பும் வண்டிக்காரர்கள், தம் வண்டியின் பின்புறத்தில் ஓர் அடையாளத்தை ஒட்டிக்கொள்ளட்டும் என்பதே அந்த யோசனை. விவிலியத்தில் வரும் நல்ல சமாரியனின் பெயரால் 'குட் சாம்' சங்கம் அவ்வாறு பிறந்தது. அயலானின் அன்பைக் குறித்த அந்தச் சிறு அடையாளமே காலப்போக்கில் பெரும் வணிக நிறுவனமாக வளர்ந்தது. அதன் வீதி உதவித் திட்டம் இன்று ஆண்டுச் சந்தாவுக்கு விற்கப்படுகிறது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பதாயிரம் இறாத்தல் எடையுள்ள வண்டியை எந்த நல்ல சமாரியனாலும் தோள் கொடுத்துத் தூக்க முடியாது. ஆயினும், அன்பினால் வரும் உதவிக்கு நிபந்தனை இல்லை. விலைக்கு வாங்கும் உதவிக்கு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனைகள் சின்னஞ்சிறு சொற்களிலே அடங்கியிருக்கின்றன. ஆதலால் இலக்கிய மாணவன் ஒரு செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் காண்பதுபோல, உடன்படிக்கைப் பத்திரத்தையும் பதம் பிரித்தே படித்தல் வேண்டும்.

"வண்டி" என்னும் சொல்

முதலாவது சொல் "வண்டி" என்பதாகும். எந்த வண்டி? வீட்டு வண்டிகளிற் பல இனங்கள் உண்டு. தாமாக ஓடுவனவற்றை ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரிப்பர். இந்த எழுத்து வரிசை உருவ வரிசையன்று. பி வகுப்பே மிகச் சிறியது. வான் ஒன்றினுள் கட்டில் முதலியவற்றைப் பொருத்தியது. சி வகுப்பு நடுத்தரமானது; சாரதியின் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதன் அடையாளம். ஏ வகுப்பு பெரிய பஸ் வண்டியை ஒத்தது. 16,000 இறாத்தலிலிருந்து 50,000 இறாத்தலுக்கும் மேலாக எடையுள்ளது. இவையன்றி, லொறியின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லப்படும் கரவன் வகைகளும் உண்டு.

சாதாரண மோட்டார் வண்டியின் எடை ஏறக்குறைய 4,000 இறாத்தல். அதனை இழுக்கும் வண்டியினால் ஏ வகுப்பு வண்டியை அசைக்கவும் முடியாது. கனரக இழுவை வண்டி வேண்டும். அதனைச் செலுத்துபவனுக்கும் தனித் திறமை வேண்டும். பெரிய டீசல் வண்டிகளின் பிறேக் காற்றழுத்தத்தினால் இயங்குவது. காற்று வெளியேறிவிட்டால் வலிய ஸ்பிறிங் சில்லுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து காற்றுச் செலுத்தினாலன்றி, அல்லது அந்த ஸ்பிறிங்கை முறைப்படி விடுவித்தாலன்றி வண்டி நகராது. மேலும், எஞ்சின் ஓடாத நிலையில் உந்து சில்லுகள் நிலத்தில் உருள வண்டியை இழுத்தால், தானியங்கிக் கியர்ப்பெட்டியினுள் எண்ணெய் சுற்றாமல் அது வெந்து கெட்டுவிடும். ஆதலால் உந்து தண்டைக் கழற்றிய பின்னரே இழுக்க வேண்டும். இவற்றை அறியாத ஒருவனிடம் வண்டியை ஒப்படைத்தால், சிறு பழுதைத் திருத்தப்போய்ப் பெரும் பழுதைத் தேடிக்கொண்டதாக முடியும்.

மோட்டார்ச் சங்கமொன்றின் சாதாரண அங்கத்துவம் சிறு வண்டிகளையே கருத்திற் கொண்டது. "நாம் இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறோம், வீட்டு வண்டிக்கும் அது செல்லுந்தானே" என்று எண்ணுவது தவறு. ட்ரிப்பிள் ஏ சங்கத்திலே வீட்டு வண்டிக்கென மேலதிகப் பணம் செலுத்தித் தனிப் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வண்டியின் எடை, நீளம், உயரம், வயது ஆகியவற்றுக்கு எல்லை உண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று. வண்டியின் எடை யாது என்பதை உடையவர் முதலில் தாம் அறிந்திருத்தல் வேண்டும். சாரதியின் ஆசனத்துக்கு அண்மையில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் உச்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும்.

"அருகிலுள்ள" என்னும் சொல்

இரண்டாவது சொல் தூரத்தைப் பற்றியது. சில திட்டங்கள் மைல் கணக்கில் எல்லை வகுக்கின்றன. ட்ரிப்பிள் ஏ சங்கத்தின் அடிப்படை அங்கத்துவம் சில மைல்களுக்கே இழுவை தருவது. அதன் மேற்படியில் 100 மைல் வரையும், அதற்கும் மேற்படியில் ஆண்டுக்கு ஒருமுறை 200 மைல் வரையும் கிடைக்கும். நகரங்கள் நெருங்கிய கிழக்குக் கரையிலே நூறு மைல் போதுமானது. மேற்கே பாலைவெளியிலும் மலைநாட்டிலும் கனரக வண்டிகளைத் திருத்தும் தொழிற்சாலை நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம். எஞ்சிய தூரத்துக்குக் கூலி உம் கைப்பணம். கனரக இழுவைக்கு ஆயிரம் டொலருக்கு மேற் செலவாதல் அரிதன்று.

வேறு சில திட்டங்கள் "எல்லையற்ற தூரம்" என்று பறைசாற்றுகின்றன. குட் சாம் திட்டமும் கோச்நெட் திட்டமும் இவ்வகையின. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடிவதில்லை. "அருகிலுள்ள தகுதி வாய்ந்த திருத்தகம் வரை" என்று தொடர்ந்து செல்கிறது. தூரத்துக்கு எல்லை இல்லை. ஆனால் இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை உமக்கு இல்லை. நீர் நம்பும் திருத்தகம் இருநூறு மைலிலும், முன்பின் அறியாத ஒன்று நாற்பது மைலிலும் இருந்தால், நாற்பது மைலிலுள்ளதற்கே கொண்டுபோவார்கள். ஆகவே "அருகிலுள்ள" என்னும் சொல்லையும் "தகுதி வாய்ந்த" என்னும் சொல்லையும் சேர்த்தே படிக்கவேண்டும். தகுதி என்பதைத் தீர்மானிப்பவர் யார்? என் வண்டியின் எஞ்சினையும் அடித்தளத்தையும் திருத்தத் தெரிந்தவரா, அல்லது ரயர் மாற்றத் தெரிந்தவரா? மேலதிக மைலுக்கு நான் பணம் கொடுத்தால் நான் விரும்பும் இடத்துக்குக் கொண்டுபோவீர்களா? இவை தயங்காமற் கேட்கவேண்டிய கேள்விகள்.

"வீதி" என்னும் சொல்

நகரத்தை விட்டு விலகி, காட்டோரத்திலும் ஆற்றோரத்திலும் தங்குவதற்காகவே பலர் வீட்டு வண்டி வாங்குகின்றனர். மேற்கு மாநிலங்களில் அரசாங்கத்துக்குச் சொந்தமான பரந்த வெளிகளில் பணம் கொடாமலே தங்கலாம். அங்கே செல்லும் பாதைகள் மண் பாதைகள். உதவித் திட்டங்களோ, பெரும்பாலும் பராமரிக்கப்படும் வீதிகளுக்கே பொறுப்பேற்கின்றன. சேற்றில் அல்லது மணலிற் புதைந்த வண்டியை இழுத்து வெளியேற்றும் உதவி, வீதியின் ஓரத்திலிருந்து நூறு அடிக்குள் இருந்தால் மட்டுமே எனப் பல பத்திரங்களில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. நூறு அடிக்கு அப்பால் உள்ள அழகிய நதிக்கரை, அவ்வுடன்படிக்கையின் நாட்டுக்கு அப்பாற்பட்டது.

நாடு என்பதும் இங்கே உண்மையான பொருளிலேயே முக்கியமாகின்றது. அமெரிக்கத் திட்டங்கள் பெரும்பாலும் கனடாவையும் உள்ளடக்கும். மெக்சிக்கோவைப் பல திட்டங்கள் உள்ளடக்குவதில்லை. மாரிக்காலத்தில் தெற்கு நோக்கிச் செல்வோர் எல்லையைக் கடக்குமுன் இதனைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். 1942இல் யுத்த காலத்தில் வெட்டப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலையிற் செல்வோர், கனடாவின் யூக்கொன் பிரதேசத்தில் உதவி கிடைக்குமா என்று மட்டுமன்றி, எத்தனை மணி நேரத்திற் கிடைக்கும் என்றும் எண்ணிப் பார்த்து உணவும் நீரும் போர்வையும் கொண்டுசெல்லுதல் அவசியம்.

ரயரும் பற்றரியும்

வீட்டு வண்டிகள் வழியில் நிற்பதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று ரயர் வெடித்தல். ஜோன் ஸ்ரைன்பெக் என்னும் நாவலாசிரியர் 1960இல் ஒரு லொறியின்மேல் சிறு வீடு பொருத்தி அமெரிக்காவைச் சுற்றி வந்தார். அளவுக்கு மீறிய சுமையினால், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று ஒறிகன் மாநிலத்திலே ரயர் வெடித்துப் பட்ட அவதியையும், பெற்றோல் நிலையத்தவர் ஒருவர் பல இடங்களிற் கேட்டு ஏற்ற ரயரைத் தேடித் தந்ததையும் 1962இல் வெளிவந்த தம் நூலிலே எழுதியிருக்கிறார். எழுதப்பட்டு அறுபது ஆண்டுகள் கழிந்தும் அந்தச் சங்கடம் இன்னும் பழையதாகவில்லை.

"ரயர் மாற்றும் சேவை உண்டு" என்று திட்டம் கூறுமாயின், அதன் பொருள் உம்மிடமுள்ள மேலதிக ரயரைப் பூட்டித் தருவோம் என்பதே. பெரிய வீட்டு வண்டிகள் பலவற்றில் மேலதிக ரயரே கிடையாது. அவ்வாறாயின் புதிய ரயரைத் தேடிக் கொண்டுவந்து தருவார்களா, அல்லது வண்டியை இழுத்துச் செல்வதுடன் நிறுத்திவிடுவார்களா என்று கேட்டறிதல் வேண்டும். கொண்டுவந்தாலும் ரயரின் விலை உம்முடையதே.

இன்னுமொரு விஷயம். வீட்டு வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே கழிக்கின்றன. எனவே அவற்றின் ரயர்கள் தேய்வதற்கு முன்னரே மூத்துவிடுகின்றன. மேலே பார்த்தாற் புதிதுபோலத் தோன்றும், உள்ளே வெடிப்புற்றிருக்கும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கக் காணலாம். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என அறிக. ஆறேழு ஆண்டு கடந்த ரயரை நம்பி நெடும்பயணம் போகலாகாது. எந்த உதவித் திட்டமும் இந்த இலக்கத்தைப் படிப்பதிலும் சிறந்த பாதுகாப்பைத் தரமாட்டாது.

பற்றரியிலும் இரு வகை உண்டு. ஒன்று எஞ்சினைத் தொடக்குவது. மற்றது வீட்டின் விளக்கு முதலியவற்றுக்கானது. உதவிக்கு வருபவர் முதலாவதற்கு மின்னேற்றி வண்டியை ஓடச் செய்வார். தண்ணீர்ப் பம்பும் குளிர்சாதனப் பெட்டியும் வேலை செய்யாவிடின் அது வீட்டுப் பழுது, வீதிப் பழுதன்று. அதற்கு வேறு தொழிலாளி வேண்டும். சில திட்டங்கள் அத்தகைய தொழிலாளரை அனுப்ப ஒழுங்கு செய்யும். கூலியை உடையவரே கொடுக்க வேண்டும்.

"அங்கத்தவர்" என்னும் சொல்

பாதுகாப்பு ஆளுக்கா, வண்டிக்கா? சில திட்டங்கள் அங்கத்தவரைப் பின்தொடர்கின்றன. அவர் எந்த வண்டியிற் சென்றாலும் உதவி கிடைக்கும். வேறு சில, பதிவு செய்த வண்டியை மட்டுமே பின்தொடர்கின்றன. கணவன் பெயரில் அங்கத்துவம் இருக்க, மனைவி தனியே செலுத்திச் செல்லும்போது பழுது நேர்ந்தால் என்ன ஆகும்? வீட்டில் வாழும் பிள்ளைகளுக்கு அது செல்லுமா? குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து கேட்கவேண்டிய கேள்வி இது.

பெரிய வீட்டு வண்டியின் பின்னால் சிறு மோட்டார் வண்டியொன்றைக் கட்டி இழுத்துச் செல்வது அமெரிக்க வழக்கம். பெரியது பழுதானால் சிறியதையும் கொண்டுவருவார்களா? கரவனை இழுக்கும் லொறி பழுதானால், லொறியை மாத்திரம் எடுத்துக்கொண்டு கரவனை வீதியோரத்தில் விட்டுச் செல்வார்களா? நல்ல திட்டம் இரண்டையும் ஒரே நிகழ்ச்சியாகக் கருதும். ஆனால், அது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றிலும் எளிதாக மறக்கப்படுவது இது. இழுவை வண்டி வந்து வீட்டு வண்டியைக் கொளுவிய பின், உள்ளே இருந்தவர்கள் எங்கே அமர்வது? இழுக்கப்படும் வண்டிக்குள் அமர்ந்து செல்ல அனுமதியில்லை. இழுவை வண்டியின் முன்னாசனத்தில் இருவர் அமரலாம். தாயும் தந்தையும் மூன்று பிள்ளைகளும் ஒரு நாயுமாகச் சென்ற குடும்பம் என்ன செய்வது? அவர்களுக்கு வாடகை வண்டி ஒழுங்கு செய்வார்களா? இரவு தங்கும் ஹொட்டேல் செலவைத் திருப்பித் தருவார்களா? வீட்டிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் நேர்ந்தால் மட்டுமா? விபத்துக்கு மட்டுமா, பழுதுக்குமா? இவ்விரண்டும் ஒன்றல்ல, விபத்து என்று எழுதியிருந்தால் எஞ்சின் கோளாற்றுக்கு ஒரு சதமும் கிடையாது.

பணம் முதலிற் கொடுப்பவர் யார்?

உதவித் திட்டங்கள் பணம் கொடுக்கும் முறையில் இருவகைப்படும். ஒன்றிலே நீர் தொலைபேசியில் அழைத்தால் அவர்களே ஆளை அனுப்பிக் கூலியையும் கொடுத்துவிடுவார்கள். மற்றதிலே நீரே ஆளைத் தேடிப் பணம் கொடுத்து, பற்றுச்சீட்டை அனுப்பிப் பின்னர் பணத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதிலும் ஓர் உச்ச வரம்பு இருக்கும். கையிற் பணமில்லாதவனுக்கு இரண்டாவது முறை ஆபத்து வேளையில் அதிகம் உதவாது. அன்றியும், முதலாவது முறையைச் சேர்ந்த திட்டங்களுட் சில, தம்மை அழையாமல் நீரே வேறொருவரை அழைத்தால் பணம் தர மறுக்கும். எனவே முதலில் அழைக்க வேண்டிய இலக்கத்தை வண்டியின் முகப்பில் எழுதி ஒட்டிவைத்தல் நன்று. கைத்தொலைபேசிக்குள் மட்டும் வைத்திருத்தல் போதாது.

ஆண்டுக்கு எத்தனை முறை அழைக்கலாம் என்பதும் வரையறுக்கப்பட்டது. ட்ரிப்பிள் ஏ சங்கத்தில் அது வழக்கமாக நான்கு முறை. இன்னும், இன்று பணம் கட்டி இன்றே மேற்படி உதவியைப் பெறுதல் பெரும்பாலும் இயலாது. சில நாட்கள் காத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. வண்டி நின்றபின் சங்கத்திற் சேரலாம் என எண்ணுவோருக்காகவே அவ்விதி செய்யப்பட்டது. வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்.

இரட்டைச் செலவைத் தவிர்த்தல்

ஒரே பாதுகாப்பை இரு முறை விலைக்கு வாங்குவோரும் உளர். புதிய வண்டியை விற்பவர் முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு வீதி உதவியை இலவசமாகத் தந்திருக்கலாம். எஞ்சினும் அடித்தளமும் செய்த நிறுவனம் தனியே ஓர் உதவி இலக்கம் வைத்திருக்கலாம். வண்டியின் காப்புறுதிப் பத்திரத்தில் சிறு தொகைக்கு இதனைச் சேர்த்திருக்கலாம். சில கடன் அட்டைகளிலும் இவ்வசதி உண்டு. ஆகவே புதிதாக ஒன்றை வாங்குமுன் வீட்டிலுள்ள பத்திரங்களையெல்லாம் மேசையிற் பரப்பி வைத்து, எது எதைத் தருகிறது என்று ஒரு தாளில் நிரல்படுத்துக. பெரும்பாலான தனித் திட்டங்களின் ஆண்டுச் சந்தா நூறு டொலருக்கும் முந்நூறு டொலருக்கும் இடையில் அமையும். ஒரேயொரு கனரக இழுவையின் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று. ஆனால், வாங்கியது வேண்டிய பொருள்தானா என்பதே கேள்வி.

காப்புறுதிப் பத்திரத்தில் இருப்பதை நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீதி உதவிக்காகப் பலமுறை அழைத்தால், அவ்வழைப்புக்கள் உமது காப்புறுதிக் கணக்கிற் கோரிக்கைகளாகப் பதியப்படுமா என்று கேட்டு வையுங்கள். மேலும், வண்டியிலேயே நிரந்தரமாக வாழ்பவர்கள் அந்த உண்மையை மறைக்கலாகாது. ஓய்வு நாட்களில் மட்டும் உபயோகிப்பதாகச் சொல்லிப் பெற்ற பத்திரம், ஆண்டு முழுதும் வாழ்பவனைக் கைவிடக்கூடும்.

யாருக்கு எது பொருத்தம்?

இவ்வளவையும் ஆராய்ந்தபின் தெரிவு கடினமாகாது. சிறிய பி வகுப்பு வண்டியில், வீட்டிலிருந்து நூறு மைல் சுற்றாடலில் வார இறுதியிற் சென்று வருபவருக்கு, மோட்டார்ச் சங்க அங்கத்துவத்துடன் வீட்டு வண்டிச் சேர்க்கை போதுமானது. குடும்பத்தின் மற்ற வண்டிகளுக்கும் அது உதவும். பெரிய ஏ வகுப்பு வண்டியில் மாநிலம் மாநிலமாகச் செல்பவருக்கு, கனரக வண்டிக்கெனவே அமைந்த, தூர எல்லை வகுக்காத திட்டமே தக்கது. வண்டியையே வீடாகக் கொண்டவருக்கு அதனோடு ஹொட்டேல் செலவும், நோயுற்றால் வண்டியை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும் ஏற்பாடும் இருத்தல் நலம். அடித்தளம் எதுவாயினும், அழைத்தவுடன் வீட்டு வண்டியைப் பற்றி அறிந்த ஒருவர் பேசும் திட்டம், விலை சிறிது கூடினாலும் விரும்பத்தக்கது.

நம்மவர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கனடாவிற் குடியேறிய எம் உறவினர்களுட் சிலர், கோடை விடுமுறையில் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்து, இங்கிருந்து சென்ற பெற்றோரையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு றொக்கி மலை வரையும் போய் வருகின்றனர். 1913இல் தொடங்கிய கனடிய மோட்டார்ச் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் ஒருவர் அங்கத்தவருக்கு மற்றவர் உதவும் உடன்பாடு கொண்டவை. ஆயினும், அங்கும் வீட்டு வண்டிக்குத் தனிச் சேர்க்கை வேண்டும். வாடகை வண்டியாயின், கொடுப்பவரின் உதவி இலக்கம் இரவும் பகலும் இயங்குமா, கல்லும் மண்ணுமான பாதையிற் செல்வதை உடன்படிக்கை தடை செய்கிறதா என்று கேட்டறிய வேண்டும். தடை செய்த பாதையிற் சென்று பழுதானால் முழுச் செலவும் வாடகைக்கு எடுத்தவர் தலையிலேயே விழும். இங்கிருந்து செல்லும் பெற்றோரும் தம் மருந்துகளைக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைத்துவிடாது, இரண்டு நாளைக்குப் போதியதைக் கைப்பையிற் குளிர்காப்புடன் வைத்திருத்தல் நன்று.

உதவி வரும் வரை

திட்டம் எவ்வளவு சிறந்ததாயினும், உதவி வரும் வரையில் உம்மைக் காப்பவர் நீரே. விரைவுச் சாலையோரத்தில் நிற்கும் வண்டியின்மேல் வேறு வண்டி மோதுவது, எஞ்சின் பழுதிலும் பன்மடங்கு கொடியது. இயன்றவரை வண்டியை வீதியை விட்டு விலக்கி நிறுத்துக. எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, ஒளிதெறிக்கும் முக்கோணங்களைப் பின்னால் தூரத்தில் வைக்க வேண்டும். சமையல் காஸை மூடிவிடுக. போக்குவரத்து ஓடும் பக்கத்தில் ஒருபோதும் நிற்கலாகாது. எங்கே நிற்கிறோம் என்பதைச் சொல்ல வீதியோர மைற்கல்லின் இலக்கம் உதவும். அழைக்கும்போது வண்டியின் நீளம், உயரம், எடை மூன்றையும் முதலிலே கூறிவிட்டால், சிறிய இழுவை வண்டி வந்து திரும்பிப் போகும் வீண் தாமதம் நேராது.

வீதியோரத்தில் நின்று உதவுபவரைக் காப்பதற்கும் அமெரிக்காவிற் சட்டம் உண்டு. அவ்விடத்தைக் கடக்கும் வண்டிகள் அடுத்த நிரைக்கு விலக வேண்டும், அன்றேல் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். 1996இல் தென் கரோலினா மாநிலம் அதனைத் தொடங்கியது. 2012இல் ஹவாயும் ஏற்க, ஐம்பது மாநிலங்களிலும் அது நிலைபெற்றது. நம் வண்டி பழுதாகாத நாட்களிலும், பிறர் வண்டி பழுதாகி நிற்கும் இடத்தைக் கடக்கும்போது நாம் செய்யத்தக்க உதவி அது. அதற்குச் சந்தா இல்லை. மைல் எல்லையும் இல்லை.

வழித்துணையை விலைக்கு வாங்கும் காலம் இது. வாங்குவதில் இழுக்கில்லை. வாங்கும் சொற்களின் பொருளை அறியாது வாங்குவதே இழுக்கு. புறப்படுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, கையில் ஒரு சிவப்புப் பென்சிலுடன் அந்தப் பத்திரத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசியுங்கள். "மட்டும்", "வரை", "தவிர" என்னும் மூன்று சொற்களும் வருமிடமெல்லாம் கீழே கோடிடுங்கள். நீங்கள் உண்மையில் வாங்கியது எது என்பது அந்தக் கோடுகளிலே தெரிந்துவிடும்.